வேலூர் வெயிலில் ரேம் ஓவர்க்ளாக்: ஜனவரியில் ஓடுற செட்டிங் மே மாதம் மக்கர் பண்றது ஏன்? டைமிங் மாற்றுவது எப்படி? - முழு விளக்கம்

2025-ம் ஆண்டின் கடைசியிலிருந்து கம்ப்யூட்டர் ரேம் விலை கிடுகிடுவென ஏறியிருக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்புகள் பெருமளவில் போவதுதான் முக்கியக் காரணம். 'க்ரூஷியல்' என்ற பெயரில் சில்லறைக் கடைகளுக்கு ரேம் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்த வியாபாரத்திலிருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் விலை கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறவர்களுக்கு அடுத்து வரும் யோசனை இதுதான்: "இருக்கிற ரேமையே இன்னும் வேகமா ஓட வைக்க முடியாதா?"

முடியும். ஆனால் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் இருப்பவர்கள் கூடுதலாக ஒரு விஷயத்தைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். அது வெயில். ஏசி ரூமில் உட்கார்ந்து யூடியூப்பில் சொல்லப்படும் எண்களை அப்படியே இங்கே போட்டால், ஜனவரியில் நன்றாக ஓடும் கம்ப்யூட்டர் கத்திரி வெயிலில் சொல்லாமல் கொள்ளாமல் ஃபைல்களைக் கெடுக்க வாய்ப்பு உண்டு. அது ஏன், எந்த செட்டிங்கை எந்த வரிசையில் மாற்றலாம், எங்கே நிறுத்தணும்? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ரேம் ஓவர்க்ளாக் என்றால் என்ன?

ஒவ்வொரு ரேமுக்கும் 'ஜெடெக்' என்ற சர்வதேச அமைப்பு வகுத்த அடிப்படை வேகம் ஒன்று இருக்கிறது. டிடிஆர்4 ரேமுக்கு அது நடைமுறையில் பெரும்பாலும் 2133-ல் தொடங்கி 3200 வரை போகும். டிடிஆர்5 நடைமுறையில் பெரும்பாலும் தொடங்குவதே 4800-ல்தான். இந்த எண், ஒரு விநாடியில் எத்தனை மில்லியன் முறை டேட்டா பரிமாறப்படுகிறது என்பதைச் சொல்கிறது. பேச்சுவழக்கில் மெகாஹெர்ட்ஸ் என்கிறோம். சரியான அலகு 'மெகா டிரான்ஸ்ஃபர்'.

இந்த அடிப்படை வேகத்துக்கு மேலே ஓட்டுவதும், இடையில் வரும் காத்திருப்பு நேரங்களைக் குறைப்பதும்தான் ரேம் ஓவர்க்ளாக். இதில் இரண்டு வகை உண்டு.

முதல் வகை ரெடிமேட். ரேம் தயாரித்த நிறுவனமே சோதித்துப் பார்த்த எண்களை ரேமுக்குள் எழுதி வைத்திருக்கும். பயாஸ் திரையில் ஒரே ஒரு ஆப்ஷனை ஆன் பண்ணினால் போதும். இன்டெல் 2007-ல் கொண்டுவந்த இந்த முறையின் பெயர் எக்ஸ்எம்பி. ஏஎம்டி 2022-ல் ரைசன் 7000 வரிசையோடு கொண்டுவந்தது எக்ஸ்போ.

இரண்டாவது வகை கைவேலை. எண்களை நாமே ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் டெஸ்ட் பண்ணுவது. சிக்கலும் இதில்தான் வரும்.

முதல்ல இதைச் செக் பண்ணுங்க

கைவேலையில் இறங்கும் முன், செலவே இல்லாமல் கிடைக்கும் வேகம் உங்கள் கம்ப்யூட்டரில் சும்மா கிடக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'மெமரி'யை க்ளிக் செய்தால் ரேம் இப்போது ஓடும் வேகம் தெரியும். 3200 என்று அட்டைப் பெட்டியில் போட்டு வாங்கிய ரேம் அங்கே 2133 அல்லது 2400 என்று காட்டினால், அசெம்பிள் செய்தவர் எக்ஸ்எம்பியை ஆன் பண்ணவே இல்லை என்று பொருள். இது அடிக்கடி நடக்கும் விஷயம்.

அடுத்து, ரேம் ஒன்றா இரண்டா? 16 ஜிபி ஒரே ஸ்டிக்காக இருந்தால் ஒரே ஒரு சேனல்தான் வேலை செய்யும். 3200 வேகத்தில் ஒரு சேனல் விநாடிக்கு 25.6 ஜிபி டேட்டாவைக் கடத்தும். 8 ஜிபி வீதம் இரண்டு ஸ்டிக் போட்டு இரண்டு சேனலும் ஓடினால் அது 51.2 ஜிபி. எந்த டைமிங்கை மாற்றினாலும் இந்த அளவு லாபம் கிடைக்காது.

இரண்டு ஸ்டிக் இருந்தும் தப்பான ஸ்லாட்டில் செருகியிருந்தாலும் இதே பிரச்சினைதான். நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டுகளில் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணி 2-வது, 4-வது ஸ்லாட்டுகள்தான் சரி. மதர்போர்டோடு வந்த புத்தகத்தில் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள்.

நிறைய பேருக்கு இந்த இரண்டும் போதும். இதற்கு மேலும் வேணும் என்றால்தான் டைமிங் பக்கம் போகணும்.

16-18-18-38: இந்த எண்கள் என்ன சொல்கின்றன?

ரேம் பெட்டியில் இப்படி நான்கு எண்கள் அச்சிட்டிருக்கும். இவைதான் முதன்மை டைமிங். புரிந்துகொள்ள ஒரு ஷூ கம்பெனி குடோனை நினைத்துக்கொள்ளுங்கள். நிறைய ரேக்குகள், ஒவ்வொன்றுக்கும் ஷட்டர். ஒரு நேரத்தில் ஒரு ரேக்கைத்தான் திறந்து வைக்கலாம்.

- சிஎல்: திறந்திருக்கும் ரேக்கிலிருந்து 'இந்த பீஸ் வேணும்' என்று கேட்டதும், அது கைக்கு வர ஆகும் நேரம்.
- டிஆர்சிடி: புதிதாக ஒரு ரேக்கின் ஷட்டரைத் திறக்க ஆகும் நேரம்.
- டிஆர்பி: அடுத்த ரேக்குக்குப் போகும் முன், இப்போதைய ஷட்டரை மூட ஆகும் நேரம்.
- டிஆர்ஏஎஸ்: ஒரு ரேக்கைத் திறந்தால் குறைந்தபட்சம் எவ்வளவு நேரம் திறந்தே இருக்கணும் என்ற கணக்கு.

இவை எல்லாமே நேரடியாக விநாடிக் கணக்கு கிடையாது. ரேமின் கடிகாரம் எத்தனை முறை துடிக்கிறது என்ற எண்ணிக்கை. எண் சின்னதாக இருந்தால் காத்திருப்பு குறைவு.

அப்போ சிஎல் சின்னதா இருந்தா போதுமா?

போதாது. கடிகாரம் வேகமாகத் துடித்தால், அதிக எண்ணிக்கை கூட குறைந்த நேரத்தில் முடிந்துவிடும். அதனால் இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கணும். கணக்கு ரொம்ப சுலபம்: சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி, ரேமின் வேகத்தால் வகுத்தால் நானோ விநாடியில் விடை வரும்.

- டிடிஆர்4 2666, சிஎல் 19: 14.25 நானோ விநாடி
- டிடிஆர்4 3200, சிஎல் 22: 13.75 நானோ விநாடி
- டிடிஆர்4 3200, சிஎல் 16: 10 நானோ விநாடி
- டிடிஆர்4 3600, சிஎல் 18: 10 நானோ விநாடி
- டிடிஆர்5 4800, சிஎல் 40: 16.67 நானோ விநாடி
- டிடிஆர்5 6000, சிஎல் 30: 10 நானோ விநாடி

3200 சிஎல் 16, 3600 சிஎல் 18 இரண்டுக்கும் காத்திருப்பு நேரம் ஒன்றுதான். ஆனால் 3600-ல் டேட்டா அதிகம் பாயும். அதேபோல 4800 சிஎல் 40 டிடிஆர்5 வாங்கியவர், நல்ல டிடிஆர்4 வைத்திருப்பவரைவிட முதல் பீஸுக்கு அதிக நேரம் காத்திருக்கிறார். கடையில் 'டிடிஆர்5-னாலே ஸ்பீடு சார்' என்று சொன்னால், சிஎல் எவ்வளவு என்று கேளுங்கள்.

வெயிலுக்கும் ரேமுக்கும் என்ன சம்பந்தம்?

ரேமுக்குள் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய கெப்பாசிட்டரில் மின்னூட்டமாக இருக்கிறது. அந்த கெப்பாசிட்டர் ஓட்டைக் குடம் மாதிரி. ஊற்றியது கசிந்துகொண்டே இருக்கும். முழுவதும் கசிவதற்குள் திரும்ப நிரப்பினால்தான் டேட்டா நிலைக்கும். இந்த வேலைக்குப் பெயர் ரிஃப்ரெஷ்.

சூடு ஏற ஏற, கசிவும் வேகமாகும். இதை ஜெடெக் விதியே ஒப்புக்கொள்கிறது. டிடிஆர்4 சிப்புக்குச் சராசரியாக 7.8 மைக்ரோ விநாடிக்கு ஒருமுறை ரிஃப்ரெஷ் கட்டளை போகணும். சிப்பின் வெப்பம் 85 டிகிரியைத் தாண்டினால் அந்த இடைவெளி பாதியாக, 3.9 மைக்ரோ விநாடியாகக் குறையணும்.

'நம்ம ரேம் 85 டிகிரிக்கெல்லாம் போகாதே' என்று தோன்றலாம். உண்மைதான். ரேமை அதன் அடிப்படை செட்டிங்கில் ஓட்டினால் வேலூர் வெயில் பெரிய பிரச்சினையே இல்லை. கூகுள் சர்வர்களை வைத்து அந்நிறுவனமும் டொரான்டோ பல்கலைக்கழகமும் 2009-ல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது. ஓராண்டில் 8 சதவீதத்துக்கும் அதிகமான ரேம் ஸ்டிக்குகளில் பிழை தென்பட்டது. ஆனால் வெப்பத்தின் பங்கு எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தது.

காரணம், தயாரிப்பாளர்கள் விட்டுவைக்கும் இடைவெளி. சூடு, மின்னழுத்த ஏற்ற இறக்கம், சிப் பழசாவது என எல்லாவற்றையும் தாங்கும் அளவுக்கு அடிப்படை செட்டிங்கில் தாராளமாக இடம் விட்டிருப்பார்கள். ஓவர்க்ளாக் என்பது அந்த இடைவெளியை எடுத்து வேகமாக மாற்றிக்கொள்வது. வெயிலுக்காக ஒதுக்கிய பங்கையும் ஜனவரியிலேயே செலவழித்துவிட்டால், மே மாதத்துக்கு மிச்சம் இருக்காது.

வேலூரில் ஜனவரி பகல் வெப்பம் 30 டிகிரியை ஒட்டி இருக்கும். கத்திரி நாட்களில் 40-ஐத் தாண்டுவது வழக்கம். தமிழ்நாட்டின் அதிக வெப்பப் பட்டியலில் வேலூர் பெயர் வராத கோடை கிடையாது. ஏசி இல்லாத அறையில் வெப்பம் 12 டிகிரி கூடினால், கேபினெட்டுக்குள் ரேமின் வெப்பமும் ஏறக்குறைய அதே அளவு கூடும். ஜனவரியில் 43 டிகிரியில் இருந்த ஸ்டிக், மே மாதத்தில் 55-ல் நிற்கும். இறுக்கமான டைமிங்கில் ஓடும் பல ரேம்கள் 50 டிகிரிக்கு மேல் தடுமாற ஆரம்பிக்கும். அதனால்தான் ஓவர்க்ளாக் செய்பவர்கள் ரேமை 50 டிகிரிக்குள் வைத்திருக்கப் பார்க்கிறார்கள்.

டிடிஆர்5-ல் இன்னொரு விஷயமும் உண்டு. மின்சாரத்தைச் சீராக்கும் சிப், மதர்போர்டிலிருந்து ரேம் ஸ்டிக்குக்கே இடம் மாறிவிட்டது. அதன் சூடும் ஸ்டிக்கிலேயே சேரும்.

தப்பானால் என்ன ஆகும்? நிஜமான ஆபத்து இதுதான்

ரேம் செட்டிங் அடியோடு தப்பாக இருந்தால் கம்ப்யூட்டர் ஆன் ஆகாது. அது நல்ல விஷயம், உடனே தெரிந்துவிடும். ஆபத்தானது, 'கிட்டத்தட்ட சரி'யான செட்டிங். விண்டோஸ் வரும். கேம் ஓடும். ஆனால் மணிக்கணக்கில் ஓடும்போது எங்கேயோ ஒரு பிட் 0-விலிருந்து 1-ஆக மாறும். அந்த பிட் ஒரு ஃபைலைச் சேர்ந்ததாக இருந்து, நீங்கள் 'சேவ்' கொடுத்தால், தப்பான ஃபைல் ஹார்டு டிஸ்கில் ஏறிவிடும். பேக்கப்பிலும் அந்தத் தப்பான ஃபைல்தான் போய் உட்காரும்.

சர்வர்களில் இசிசி ரேம் இருப்பதால் இப்படிப்பட்ட பிழை அகப்படும். வீட்டு கம்ப்யூட்டரில் அது இல்லை. டிடிஆர்5 சிப்புக்குள்ளேயே சின்னதாக ஒரு பிழைதிருத்தம் இருக்கிறது. ஆனால் அது சிப்புக்கு உள்ளே நடப்பதை மட்டும்தான் சரிசெய்யும். ரேமிலிருந்து பிராசஸருக்குப் போகும் வழியில் வரும் பிழையை அது பார்க்காது.

நம்ம ஊரில் வீட்டு கம்ப்யூட்டர் என்பது பல நேரங்களில் வெறும் கேமிங் மெஷின் கிடையாது. ஆம்பூரில் மாலையில் தம்பி கேம் ஆடும் அதே கம்ப்யூட்டரில், பகலில் அண்ணன் ஷூ அப்பருக்கான பேட்டர்ன் வரைந்து சைஸ் வாரியாகப் பிரித்து கம்பெனிக்கு அனுப்புவார். ஜிஎஸ்டி கணக்கும் அதில்தான் இருக்கும். காட்பாடி பக்கம் தங்கிப் படிக்கும் மாணவரின் இறுதியாண்டு புராஜெக்ட் அதில்தான் ஓடும். ஒரு பேட்டர்ன் ஃபைல் திறக்காமல் போனால் ஒரு நாள் வேலை போச்சு. திறந்து, உள்ளே ஒரு அளவு மட்டும் மாறியிருந்தால் தோலை வெட்டிய பிறகுதான் தெரியும்.

கீழ்க்கண்ட அறிகுறிகள் தெரிந்தால் முதலில் ரேம் செட்டிங்கைச் சந்தேகப்படுங்கள்:

- ஜிப் ஃபைலைப் பிரிக்கும்போது 'சிஆர்சி எரர்' வருவது
- போட்டோக்கள் பாதி சாம்பல் நிறமாகத் திறப்பது
- பிரவுசர் டேப்கள் காரணமில்லாமல் கிராஷ் ஆவது
- 'மெமரி மேனேஜ்மென்ட்' என்ற வரியோடு நீலத்திரை வருவது
- கேம் எந்த எரரும் காட்டாமல் டெஸ்க்டாப்புக்குத் திரும்புவது
- இவை மதியத்தில் மட்டும் அதிகமாக நடப்பது

எந்த செட்டிங்கை எந்த வரிசையில் மாற்றணும்?

முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்கில் பேக்கப் எடுத்து, அந்த டிஸ்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். பயாஸின் இப்போதைய பக்கங்களை மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பயாஸ் பழசாக இருந்தால் முதலில் அப்டேட். அந்த நேரத்தில் கரன்ட் போகக்கூடாது, அதனால் யுபிஎஸ் கட்டாயம்.

இன்டெல் 13, 14-ம் தலைமுறை பிராசஸர் வைத்திருப்பவர்களுக்கு இந்த அப்டேட் ரொம்ப முக்கியம். அந்த வரிசையில் வந்த கிராஷ் பிரச்சினைக்கு 2024-ல்தான் மைக்ரோகோட் திருத்தம் வெளியானது. அதைப் போடாமல் விட்டால், பிராசஸர் பிரச்சினையை ரேம் பிரச்சினை என்று தப்பாக நினைக்க நேரிடும்.

1. எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆன் பண்ணுங்கள். டெஸ்ட் பண்ணுங்கள். இதிலேயே பிழை வந்தால் மேலே போக வேண்டாம்.

2. வேகத்தை ஒரு படி ஏற்றுங்கள். பிராசஸரும் ரேமும் ஒரே தாளத்தில் ஓடும் எல்லைக்குள் இருப்பது முக்கியம். ரைசன் 5000 வரிசையில் 3600 வரை அது சுலபமாக நடக்கும். அந்த எல்லை தாண்டி தாளம் பாதியாகப் பிரிந்தால் வேகம் கூடியும் தாமதம் அதிகமாகிவிடும். ரைசன் 7000 வரிசைக்கு 6000-ஐ ஒட்டிய வேகம் பொருத்தமானது. இன்டெல் போர்டுகளில் இதே விஷயத்துக்கு 'கியர் 1', 'கியர் 2' என்று பெயர்.

3. சிஎல்-ஐக் குறையுங்கள். பிறகு டிஆர்சிடி, டிஆர்பி. ஒரு நேரத்தில் ஒரு எண், ஒரு படி மட்டும். டிடிஆர்4-ல் 'கியர்டவுன் மோட்' ஆன் ஆகியிருந்தால் 15 என்று கொடுத்தாலும் 16-ஆகத்தான் ஓடும். டிடிஆர்5-ல் சிஎல் எப்போதும் இரட்டைப்படை எண்தான். டிஆர்ஏஎஸ்-ஆல் கிடைப்பது சொற்பம். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

4. டிஆர்எஃப்சி. குடோன் உதாரணத்தில், ரிஃப்ரெஷ் என்பது ஸ்டாக் எண்ணுவதற்காக குடோனை மூடுவது மாதிரி. ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் மூடணும் என்பதுதான் இந்த எண். 8 ஜிகாபிட் டிடிஆர்4 சிப்புக்கு ஜெடெக் கணக்கு 350 நானோ விநாடி. 3200 வேகத்தில் அது பயாஸில் 560 என்று தெரியும். 7.8 மைக்ரோ விநாடிக்கு ஒருமுறை 350 நானோ விநாடி என்றால், மொத்த நேரத்தில் சுமார் 4.5 சதவீதம் இதிலேயே போகிறது. 16 ஜிகாபிட் சிப்புக்கு 550 நானோ விநாடி, அதாவது சுமார் 7 சதவீதம். அதனால் இதைக் குறைத்தால் ஓரளவு பலன் தெரியும். 20, 30 எனச் சின்னச் சின்னதாக இறக்குங்கள்.

5. டிஆர்இஎஃப்ஐ. இது இரண்டு ரிஃப்ரெஷுக்கு நடுவில் உள்ள இடைவெளி. மற்ற எண்களுக்கு நேர்மாறாக, இதைக் கூட்டினால்தான் வேகம். 3200 வேகத்தில் இதன் இயல்பான அளவு 12480. இணையத்தில் பலர் 65535 போடச் சொல்கிறார்கள். அப்படிப் போட்டால் 7.8 மைக்ரோ விநாடி இடைவெளி சுமார் 41 மைக்ரோ விநாடியாக, ஐந்து மடங்குக்கு மேல் நீண்டுவிடும். சூட்டில் ஓட்டைக் குடம் வேகமாகக் கசியும் நேரத்தில், நிரப்புவதை ஐந்து மடங்கு தள்ளிப்போடுவது இது. வெயிலோடு நேரடியாக மோதும் செட்டிங் இதுதான். ஏசி இல்லாத அறை என்றால் இதை 'ஆட்டோ'விலேயே விட்டுவிடுவது நல்லது.

வோல்டேஜ்: எங்கே நிறுத்தணும்?

டிடிஆர்4-ன் அடிப்படை மின்னழுத்தம் 1.2 வோல்ட், எக்ஸ்எம்பியில் பெரும்பாலும் 1.35. டிடிஆர்5-க்கு அடிப்படை 1.1, எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவில் 1.25 முதல் 1.4 வரை. உங்கள் ரேமின் எக்ஸ்எம்பி எண்ணே உங்களுக்கு எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வோல்டேஜ் ஏற்றினால் சூடும் ஏறும். நம்ம ஊரில் ஒரு கையில் கொடுத்து மறு கையில் பிடுங்கும் வேலை அது.

ரேமுக்குச் சம்பந்தப்பட்ட இன்னொரு வோல்டேஜ் பிராசஸருக்குள் இருக்கிறது. ஏஎம்டியில் அதன் பெயர் 'எஸ்ஓசி வோல்டேஜ்'. 2023-ல் ரைசன் 7000 எக்ஸ்3டி வரிசை பிராசஸர்கள் சில நாடுகளில் கருகிப்போன படங்கள் வெளியாகிப் பரபரப்பானது நினைவிருக்கலாம். அதையடுத்து இந்த வோல்டேஜை 1.3-க்கு மேல் போக விடாமல் கட்டுப்படுத்தும் பயாஸ் அப்டேட்டுகள் வந்தன. எக்ஸ்போவை ஆன் பண்ணினாலே சில போர்டுகள் இந்த வோல்டேஜைத் தானாக ஏற்றுவதுதான் அன்று பேசப்பட்ட பிரச்சினை. அதற்கு முந்தைய பயாஸ் இன்னும் உங்கள் ஏஎம்5 போர்டில் இருந்தால் உடனே மாற்றுங்கள்.

டெஸ்ட் பண்ணுவது எப்படி?

விண்டோஸ் வந்துவிட்டது என்பது டெஸ்ட் கிடையாது. மூன்று கட்டமாகச் செய்யணும்.

முதல் கட்டம், மெம்டெஸ்ட்86. பென் டிரைவில் போட்டு, விண்டோஸ் இல்லாமலே ஓடும். செட்டிங் பெரிய அளவில் தப்பென்றால் விண்டோஸ் ஃபைல்கள் கெடுவதற்கு முன்பே இது சொல்லிவிடும்.

இரண்டாம் கட்டம், விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5, ஓசிசிடி, ஒய்-க்ரஞ்சர் போன்ற மென்பொருள்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அரை மணி நேரம், எல்லாம் முடிந்த பிறகு ஒரு இரவு முழுக்க. ஒரே ஒரு பிழை வந்தாலும் ஃபெயில்தான். 'ஆயிரத்துல ஒண்ணுதானே' என்று விடக்கூடாது.

மூன்றாம் கட்டம்தான் நம்ம ஊருக்கானது. மதியம் 2 மணி வாக்கில், ஏசியை ஆஃப் செய்துவிட்டு, கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைப் போட்டு, கிராபிக்ஸ் கார்டுக்கும் வேலை கொடுத்து ரேம் டெஸ்ட்டை ஓட்டுங்கள். கேம் ஆடும்போது கிராபிக்ஸ் கார்டின் சூடான காற்று நேராக ரேமில்தான் அடிக்கும். இரவில் தனியாக ஓடும் ரேம் டெஸ்ட்டில் அந்தச் சூடு வராது. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிடிஆர்5 ரேமின் வெப்பம் தெரியும். டிடிஆர்4-ல் சென்சார் உள்ள சில ஸ்டிக்குகளுக்கு மட்டும் காட்டும்.

கடைசியாக ஒரு விதி. எந்த எண்ணில் பிழை வராமல் நின்றதோ, அதிலிருந்து ஒரு படி பின்வாங்கி அதை நிரந்தரமாக வையுங்கள். டிஆர்சிடி 17-ல் பாஸ் ஆனதா, 18 வையுங்கள். டிஆர்எஃப்சி 440-ல் பாஸ் ஆனதா, 470 வையுங்கள். குளிர்காலத்தில் செட் பண்ணியவர்கள் ஏப்ரல் கடைசியில், கத்திரி தொடங்கும் முன், இன்னொரு முறை டெஸ்ட் பண்ணணும்.

கம்ப்யூட்டர் ஆன் ஆகலைன்னா?

பதற வேண்டாம். பெரும்பாலான போர்டுகள் இரண்டு, மூன்று முறை முயன்றுவிட்டு தானாகப் பழைய செட்டிங்குக்குத் திரும்பும். டிடிஆர்5 போர்டுகளில் 'மெமரி ட்ரெய்னிங்' நடப்பதால் முதல் முறை சில நிமிடங்கள் திரை இருட்டாகவே இருக்கலாம். அந்த நேரத்தில் ஸ்விட்சை அணைக்காதீர்கள். அப்படியும் வரவில்லை என்றால் மின்சார வயரைப் பிடுங்கிவிட்டு, போர்டில் 'க்ளியர் சிமாஸ்' என்ற இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் சில விநாடி தொடுங்கள். இல்லையென்றால் ரூபாய் நாணயம் போலிருக்கும் பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டுங்கள். பயாஸ் ஃபேக்டரி செட்டிங்குக்குத் திரும்பிவிடும்.

யாருக்கு லாபம்? யார் தொடவே கூடாது?

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல், பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸிலேயே கேம் ஆடுபவர்களுக்குத்தான் பெரிய லாபம். அங்கே ரேம்தான் வீடியோ மெமரியும். அடுத்து, ஃபிரேம் ரேட்டை விரட்டும் போட்டி கேமர்கள். தனி கிராபிக்ஸ் கார்டோடு சாதாரணமாக கேம் ஆடுபவர்களுக்கு, எக்ஸ்எம்பிக்கு மேலே கைவேலையில் கிடைப்பது சில சதவீதம்தான்.

கணக்கு மென்பொருள், பேட்டர்ன் கேட் வேலை, ஆபீஸ் வேலை பார்ப்பவர்களுக்கு டைமிங் மாற்றத்தால் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இருக்காது. அவர்களுக்கு ஆபத்து மட்டும் மிஞ்சும். சம்பாதிக்கும் கம்ப்யூட்டரும் கேம் ஆடும் கம்ப்யூட்டரும் ஒன்றேதான் என்றால், எக்ஸ்எம்பியோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரன்டி போயிடுமா?
எக்ஸ்போவை ஆன் பண்ணினாலும் பிராசஸர் வாரன்டி செல்லாது என்று ஏஎம்டியின் விதி சொல்கிறது. இன்டெலும் வாரன்டி பாதிக்கப்படலாம் என்றே எச்சரிக்கிறது. பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

லேப்டாப்பில் செய்யலாமா?
பெரும்பாலான லேப்டாப் பயாஸில் இந்த ஆப்ஷன்களே இருக்காது. இரண்டாவது ஸ்லாட் காலியாக இருந்தால் இன்னொரு ஸ்டிக் போடுவதுதான் வழி.

எல்லா மதர்போர்டிலும் முடியுமா?
முடியாது. இன்டெலில் எச்410, பி460, எச்510 போன்ற சிப்செட்டுகளில் பிராசஸரின் அதிகாரபூர்வ எல்லைக்கு மேல் ரேமை ஓட்ட முடியாது. 2021-ல் வந்த பி560 முதல் பி வரிசையில் இந்த வசதி வந்தது.

வேறு வேறு கம்பெனி ரேம் இரண்டு போட்டிருக்கேன். டைமிங் மாற்றலாமா?
இரண்டில் மெதுவான ஸ்டிக்கின் எண்ணுக்குத்தான் இரண்டும் ஓட முடியும். எக்ஸ்எம்பி நின்றாலே அதிர்ஷ்டம் என்று விட்டுவிடுங்கள்.

ரேமுக்கு ஃபேன் வைத்தால் பலன் உண்டா?
உண்டு. கேபினெட்டுக்குள் ரேமை நோக்கிக் காற்று வரும்படி ஒரு சாதாரண ஃபேன் வைத்தாலே சில டிகிரி குறையும். அப்பர் வெட்டும், தைக்கும் அறையிலேயே கம்ப்யூட்டர் இருந்தால் தூசும் தோல் பிசிறும் ஃபில்டரை அடைத்துவிடும். மாதம் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். கோடையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை.